சொந்தக் காலில் நின்ற கதை

(முன்னாள் மாணவர் சங்கத்தின் கோவைக் கூட்டத்தில் பேசியது. மலருக்காக எழுதிக் கொடுக்கப்பட்டது.)



எனக்கு மேடையில் பேசிப் பழக்கம் இல்லை. லேத் சத்தத்துக்கு நடுவே கத்திப் பழக்கம் உண்டு. அதனால் குரல் கொஞ்சம் உயர்ந்தால் கோபம் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம், தொழில் கோளாறு.

சங்கத்தில் எனக்குக் கொடுத்த தலைப்பு ‘சொந்தக் காலில் நின்ற இளம் தொழில் முனைவோர்’. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். அப்பாவைப் பார்த்துப் போக அக்கா வந்திருந்தாள்.

“என்ன கண்ணு, பரீட்சைக்குப் படிக்கறவனாட்ட எழுதிட்டிருக்கறே?”

“சொந்தக் கால்ல நின்ன கதைங்க்கா. காலேஜ்ல பேசச் சொல்லியிருக்காங்க.”

அக்கா சிரித்தாள். “யாரு காலுன்னு அதையும் சேர்த்து எழுது சாமி” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். குத்திப் பேசும் பழக்கம் அவளுக்குக் கிடையாது. தமாஷாகத்தான் சொன்னாள். நான் எழுதியிருந்த இரண்டு பக்கத்தையும் கிழித்துப் போட்டேன். இப்போது பேசப்போவது மூன்றாவது பக்கம். அக்காவிடம் கேட்டுக்கொண்டுதான் பேசுகிறேன்.

எங்கள் வீடு கணபதியில், சத்தி ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில். முன்னால் பட்டறை, பின்னால் வீடு. கணபதியில் பிறந்தவர்களுக்கு இது ஒன்றும் புதுமை இல்லை. அத்திப்பாளையம் பிரிவிலிருந்து எந்தச் சந்துக்குள் நுழைந்தாலும், ஒரு வீட்டில் குக்கர் விசில் கேட்கும், அடுத்த வீட்டில் லேத் ஓடும். சாப்பாட்டுத் தட்டில் கூலண்ட் வாசம் வந்தால் அம்மா திட்டுவாள். அந்த வாசம் இல்லாத நாளில் வேலை இல்லை என்று கவலைப்படுவாள்.

அப்பா ஒரு பெரிய கம்பெனியில் டர்னராக இருந்தவர். சீட்டு எடுத்த பணத்தில் பழைய லேத் ஒன்றை வாங்கிப் போட்டார். பகலில் கம்பெனி, ராத்திரியில் சொந்த லேத். பிறகு சித்தப்பா சேர்ந்தார். பம்ப் கம்பெனிகளுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுக்கும் ஜாப் ஒர்க். அண்ணனும் தம்பியும் இருபத்தைந்து வருஷம் ஒன்றாகத் தொழில் செய்தார்கள். கணக்கு நோட்டு கிடையாது. ஒரு மேஜை, அதற்கு ஒரு டிராயர். வந்த பணம் அதில் விழும். யாருக்கு எது வேண்டுமோ எடுத்துக்கொள்வார்கள். ஒரு நாள்கூட அந்த டிராயரை வைத்துச் சண்டை வந்து நான் பார்த்ததில்லை. இந்த டிராயரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை, இந்த ஊரின் கதை. 1932இல் பைக்காரா மின்சாரம் வந்தது. அதற்குப் பிறகு மில்கள் பெருகின. மில் இருக்கிற இடத்தில் ரிப்பேர் பட்டறை வரும். 1937இல் ஜி.டி.நாயுடுவும் டி.பாலசுந்தரமும் சேர்ந்து மின்மோட்டார் செய்தார்கள். இந்தியாவில் செய்யப்பட்ட முதல் மின்மோட்டார் என்று அதைச் சொல்வார்கள். அந்த பாலசுந்தரம் தொடங்கியதுதான் டெக்ஸ்டூல். இன்றைக்கும் கணபதிக்காரர்களுக்கு டெக்ஸ்டூல் என்றால் பஸ் நிற்கிற இடம். அப்படிப்பட்ட பெரிய கம்பெனிகளில் வேலை பழகிய ஆட்கள், கையில் தொழிலும் வீட்டில் ஒரு தம்பியோ மச்சானோ இருந்தால், வெளியே வந்து லேத் போட்டார்கள். மோட்டார், பம்ப், கிரைண்டர் என்று இந்த ஊர் பெயர் வாங்கியதெல்லாம் இப்படிப்பட்ட நூற்றுக்கணக்கான சந்துகளின் முதுகில்தான்.

பக்கத்துத் திருப்பூரிலும் இதே கதைதான். ஷரத் சாரி என்ற ஆய்வாளர் அங்கே வருஷக்கணக்கில் ஆராய்ந்து 2004இல் ஒரு நூல் வெளியிட்டார். ‘ஃபிரேட்டர்னல் கேப்பிடல்’ என்று பெயர். தமிழில் ‘உடன்பிறந்தார் மூலதனம்’ என்று சொல்லிக்கொள்ளலாம். காட்டிலும் பனியன் கம்பெனியிலும் உழைத்தவர்கள், உழைப்பையும் உறவையும் கூட்டுச் சேர்த்து எப்படி முதலாளிகள் ஆனார்கள் என்று சொல்லும் நூல். அந்தத் தலைப்பைப் பார்த்தபோது எனக்கு ஒரு கேள்வி எழுந்தது. எங்கள் பட்டறையின் மூலதனத்தில் உடன்பிறந்தானின் பங்கு தெரிகிறது. உடன்பிறந்தாளின் பங்கு எந்தக் கணக்கில் இருக்கிறது?

சொல்கிறேன்.

நான் 2010இல் நம் கல்லூரியிலிருந்து வெளியே வந்தேன். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கார் பாகம் செய்யும் கம்பெனியில் வேலை. 2012இல் இங்கே மின்வெட்டு ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரத்தையும் தாண்டியது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். லீவில் வந்திருந்தபோது ஒரு ராத்திரி பார்த்தேன். இரண்டு மணிக்குக் கரண்ட் வந்தது. அம்மாதான் முதலில் எழுந்தாள். “ஏனுங்க, கரண்ட் வந்திருச்சுங்க” என்று அப்பாவை எழுப்பினாள். சித்தப்பா கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தார். அறுபதை நெருங்கிய இரண்டு பேர் விடியும் வரை நின்று ஷாஃப்ட் கடைந்தார்கள். நான் போர்வைக்குள் படுத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். அதற்கு மேல் ஸ்ரீபெரும்புதூரில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. 2013இல் வேலையை விட்டுவிட்டு வந்தேன்.

வந்தவனுக்குப் படித்த திமிர். “இந்த லேத்தெல்லாம் போதாதுங்ப்பா, சி.என்.சி. போடோணும்” என்றேன். 2014இல் மிஷின் விலை பதினெட்டு லட்சம். முக்கால் பங்கு பேங்க் தரும். மீதி நாலரை லட்சம் ‘சொந்த நிதி’ காட்ட வேண்டும். எங்களிடம் இருந்தது டிராயர்தான்.

அக்காவைக் கட்டிக்கொடுத்தது அன்னூர்ப் பக்கம். எங்கள் வீட்டு வாசலிலிருந்து சத்தி ரோட்டில் ஏறினால் முப்பது கிலோமீட்டருக்குள். அம்மா போனில் பேச்சோடு பேச்சாகச் சொல்லியிருக்கிறாள். அடுத்த நாளே அக்காவும் மாமாவும் வந்து நின்றார்கள். ஒரு துணிப்பை. அதில் முப்பது பவுன். அவளுக்குப் போட்ட நகை முழுக்க. “மிஷின் ஓடி வந்ததும் மீட்டுக் குடு கண்ணு” என்றாள். அவ்வளவுதான் ஒப்பந்தம். நகை அவள் பெயரில், அவள் ஊர் பேங்கில் அடமானம் ஆனது. நாலரை லட்சம் வந்தது. திட்ட அறிக்கையில் நான் என்ன எழுதினேன் தெரியுமா? ‘தொழில் முனைவோரின் சொந்தப் பங்களிப்பு: ரூ. 4,50,000’. அதை டைப் அடித்த கை இதே கைதான்.

இன்னொரு கையெழுத்தும் வாங்கினோம். பட்டறை இருக்கும் இடம் பூட்டன் காலத்திலிருந்து வரும் பூர்வீகம். பத்திரங்களைப் பார்த்த வக்கீல், “மகளும் பங்குதாரர்தான். அவங்க விடுதலைப் பத்திரம் எழுதிக் குடுக்கோணும்” என்றார். அக்காவுக்குப் பங்கு இருக்கிறது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். படித்த இன்ஜினியரின் லட்சணம் இது! நம் மாநிலத்தில் 1989 மார்ச் 25 முதல், அன்றைக்குக் கல்யாணம் ஆகாதிருந்த பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் ஆணுக்குச் சமமான பங்கு சட்டப்படி உண்டு. 2005இல் மத்தியச் சட்டமே திருத்தப்பட்டு நாடு முழுவதும் மகள்களுக்கு அந்த உரிமை வந்தது. அது பிறப்பால் வரும் உரிமை, 2005இல் தகப்பனார் உயிரோடு இருந்தாரா என்று பார்க்கத் தேவையில்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

1989இல் அக்காவுக்கு நாலு வயசு. அவளுடைய உரிமைக்கும் என் வயசுதான். சார்பதிவாளர் அலுவலகத்தில் அவள் பத்திரத்தைப் படிக்கவில்லை. “எங்கே கண்ணு போடோணும்?” என்று கேட்டாள். நான் விரலை வைத்துக் காட்டினேன். போட்டாள். வெளியே வந்து எல்லோரும் இளநீர் குடித்தோம். நான் ஏமாற்றினேன் என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று அவளுக்குச் சொல்லவில்லை. இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று நீங்களே சொல்லுங்கள்.

மிஷின் வந்தது. ஓடியது. 2016 தொடக்கத்தில் எனக்குக் கல்யாணம். நம்ம பக்கத்துக் கல்யாணங்களில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு என்பது இங்கே இருக்கிற பலருக்கும் தெரியும். மாப்பிள்ளையையும் கூடப்பிறந்தவளையும் வைத்துச் செய்யும் சீர். புதுசாக ஒருத்தி வீட்டுக்கு வந்தாலும் கூடப்பிறந்தவளை மறந்துவிட மாட்டான் என்று ஊரறியச் சொல்கிற சீர் என்று பெரியவர்கள் விளக்கம் சொல்வார்கள். என் கல்யாண ஆல்பத்தில் அந்தப் படம் இருக்கிறது. அக்கா கழுத்து நிறைய நகை. அவ்வளவும் கவரிங். அவளுடைய நகைதான் என் பட்டறையில் மிஷினாக ஓடிக்கொண்டிருக்கிறதே! ஆறு வருஷம் கழித்துத்தான் அந்தப் படத்தை நான் உற்றுப் பார்த்தேன்.

2016 நவம்பரில் பணமதிப்பு நீக்கம். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. எங்களைப் போன்ற ஜாப் ஒர்க்காரர்களுக்கு அப்போது பதினெட்டு சதவீதம். ஆர்டர் கொடுக்கும் கம்பெனி வரியோடு சேர்த்துப் பணம் தர நாலு மாசம் ஆகும். வரியை நாங்கள் உடனே கட்ட வேண்டும். அந்த வருஷக் கடைசியில் அக்கா மகளுக்குக் காதுகுத்து. நான் தாய்மாமன். கடன் வாங்கியாவது சீர் செய்ய வேண்டாமா? இருபத்தொரு தட்டு, பட்டு, கொலுசு, தோடு, மேளம். அன்னூர்க்காரர்கள், “தாய்மாமன்னா இப்படி இருக்கோணும்” என்று வாயாரச் சொன்னார்கள். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். தோடு அரைப் பவுன். பேங்கில் இருந்தது முப்பது பவுன்!

நகைக்கு வட்டி வருஷத்துக்கு ஐம்பத்து நாலாயிரம். 2018 வரை அனுப்பினேன். 2019இல், “அடுத்த மாசம் அனுப்பறனுங்க்கா” என்றேன். “சரி கண்ணு” என்றாள். அந்த அடுத்த மாசம் வரவேயில்லை. 2020 மார்ச்சில் ஊரடங்கு. பட்டறை மூடிக் கிடந்தது. நானும் மறந்தேன் என்று சொன்னால் பாதி உண்மை. நினைக்காமல் இருந்தேன் என்பதுதான் முழு உண்மை. அக்கா கேட்கமாட்டாள் என்று எனக்குத் தெரியும். கேட்பவர்களுக்கு முதலில் கொடுத்தேன். ஸ்டீல் கடைக்காரர் கேட்டார், கொடுத்தேன். பேங்க் கேட்டது, கட்டினேன். மிஷின் கம்பெனி சர்வீஸ் ஆள் கேட்டார், கொடுத்தேன். கேட்காதவள் கடைசியில் நின்றாள்.

2022இல் ஒரு நோம்பிக்கு அன்னூர் போயிருந்தேன். மாட்டுத் தொழுவத்தில் மூன்று மாடு நின்ற இடத்தில் இரண்டு நின்றது. “இன்னொண்ணு எங்கீங் மாமா?” என்று சும்மா கேட்டேன். மாமா முதலில் மழுப்பினார். பிறகு மெதுவாக, “ஏலம் போட்டுருவோம்னு பேங்குல நோட்டீஸ் வந்துருச்சு மாப்ளை. உன்ற அக்கா உங்கிட்ட சொல்ல வேண்டான்னுட்டா” என்றார். மூன்று வருஷ வட்டி, ஒரு லட்சத்து அறுபத்திரண்டாயிரம். இரண்டு வருஷம் பால் சொசைட்டிக் காசில் கட்டியிருக்கிறாள். மூன்றாவது வருஷத்துக்கு மாடு போய்விட்டது.

அந்த மாசம்தான் ஒரு தொழில் கூட்டத்தில் நான் ஆவேசமாகப் பேசியிருந்தேன். சிறுதொழில்களுக்கு நாற்பத்தைந்து நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும், தாமதித்தால் ரிசர்வ் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி தர வேண்டும் என்று 2006ஆம் வருஷத்துச் சட்டமே சொல்கிறது. பெரிய கம்பெனிகள் நூற்றிருபது நாள் இழுக்கின்றனவே, இது என்ன நியாயம் என்று மேஜையைத் தட்டிக் கேட்டேன். கைதட்டினார்கள். அன்னூரிலிருந்து திரும்பும்போது வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு யோசித்தேன். எனக்கு நூற்றிருபது நாள் பொறுக்கவில்லை. அக்கா எட்டு வருஷம் பொறுத்திருக்கிறாள். சிறுதொழில்காரனின் நடைமுறை மூலதனம் எங்கிருந்து வருகிறது என்று புத்தகத்தில் படித்திருக்கிறோம். அது அம்மா சமைத்த சாப்பாட்டிலிருந்தும், மனைவி சம்பளம் இல்லாமல் எழுதும் பில்லிலிருந்தும், அக்கா விற்ற மாட்டிலிருந்தும் வருகிறது என்று எந்தப் பேலன்ஸ் ஷீட்டிலும் நான் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்து ஒரு குயர் நோட்டு வாங்கினேன். யார் கொடுத்தது, என்ன, எதற்கு, எப்போது திருப்ப வேண்டும் என்று நாலு கட்டம் போட்டு எழுத ஆரம்பித்தேன். அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. “அண்ணந்தம்பி, அக்கா தங்கச்சிக்குள்ள நோட்டு எதுக்கு? நோட்டு வந்தாலே வேத்துமை வந்துரும். நானும் உன்ற சித்தப்பனும் இருபத்தஞ்சு வருசம் நோட்டு எழுதியா ஒண்ணா இருந்தோம்?” என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அவர் சொன்னது பொய் இல்லையே!

பல நாள் யோசித்துத்தான் பிடிபட்டது. அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் கணக்கு இல்லாமல் இல்லை. அந்த டிராயர்தான் கணக்கு. இரண்டு பேரும் அதே பட்டறையில் நின்றார்கள். எவ்வளவு வந்தது, யார் எவ்வளவு எடுத்தார் என்று இரண்டு பேரும் தினமும் கண்ணால் பார்த்தார்கள். சந்தேகம் வந்தால் டிராயரை இழுத்தால் போதும். அக்கா முப்பது கிலோமீட்டர் தள்ளி இருந்தாள். அவளுக்கு டிராயர் தெரியாது. பார்க்கிறவர்களுக்கு நடுவே நோட்டு தேவைப்படாமல் இருக்கலாம். பார்க்க முடியாத இடத்தில் இருந்துகொண்டு நம்மை நம்புகிறவர்களுக்கு, நோட்டுதான் டிராயர். அதை நாம்தான் அவர்களிடம் கொண்டுபோய்த் திறந்து காட்ட வேண்டும்.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 1932ஆம் வருஷத்துக் கூட்டாண்மைச் சட்டத்தில் ஒன்பதாவது பிரிவு. பங்குதாரர்கள் ஒருவருக்கொருவர் விசுவாசமாக இருக்க வேண்டும், உண்மையான கணக்குக் காட்ட வேண்டும் என்று இரண்டையும் அந்த ஒரே பிரிவில் வைத்திருக்கிறார்கள். விசுவாசம் இருந்தால் கணக்கு வேண்டாம் என்று எழுதவில்லை.

வள்ளுவர் இன்னும் முன்னாலேயே சொல்லிவிட்டார். ‘தெரிந்துதெளிதல்’ அதிகாரத்தில், சுற்றம் இல்லாதவரை நம்பாதே, அவர்களுக்குப் பழிக்கு நாணக் காரணம் இல்லை என்ற பொருளில் ஒரு குறள் வருகிறது. சொந்தக்காரனை நம்பு என்று அதைப் பிடித்துக்கொள்ளலாம். ஆனால் அதற்கு அடுத்த குறளே, பாசத்தை மட்டும் பிடிமானமாக வைத்து, அறிய வேண்டியதை அறியாதவரை நம்பினால் எல்லா மடமையும் வந்து சேரும் என்கிறது. அக்கா முதல் குறளை நம்பினாள். நான் இரண்டாவது குறளுக்கு உதாரணமாக இருந்தேன்.

நம்ம ஊரிலேயே பெரிய உதாரணம் இருக்கிறது. பீளமேட்டில் பி.எஸ்.கோவிந்தசாமி நாயுடுவின் நாலு பிள்ளைகள், குடும்பச் சொத்தை ஐந்து பங்காகப் பிரித்து, ஐந்தாவது பங்கைத் தர்மத்துக்கு என்று 1926இல் அறக்கட்டளை அமைத்தார்கள். அதிலிருந்து பள்ளிக்கூடமும் கல்லூரிகளும் ஆஸ்பத்திரியும் வந்தன. நூறு வருஷமாக நிற்கிறது. அண்ணன் தம்பிகளுக்குள் அன்பு இருந்தது, சரி. அந்த அன்பை வாய்ப்பேச்சாக விடாமல் பங்கு போட்டு எழுதி வைத்தார்கள். எழுதியதால் அன்பு குறைந்துவிட்டதா? எழுதியதால்தான் அது பேரன் காலத்தையும் தாண்டி வந்தது.

2023 பிப்ரவரியில் நகையை மீட்டேன். அக்கா கட்டிய வட்டியையும் எடுத்துக்கொண்டு, நோட்டோடு அன்னூர் போனேன். அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். நோட்டைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

“கணக்கெல்லாம் நேர் பண்ணீட்டீன்னா, அப்பறம் நான் எந்த உரிமைல கண்ணு அந்த வீட்டுக்கு வாறது?”

இதுவரை நான் எழுதிய எந்தப் பரீட்சையிலும் இப்படி ஒரு கேள்வி வந்ததில்லை. அவள் பயம் எனக்குப் புரிந்தது. கட்டிக்கொடுத்த வீட்டில் இருக்கும் பெண்ணுக்குப் பிறந்த வீட்டோடு ஒரு நூல் வேண்டும். கொடுத்து வைத்த நகையே அவளுக்கு அந்த நூலாக இருந்திருக்கிறது. வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பிப் படிக்க வைத்த அப்பா, தம்பிக்காகப் படிப்பை விட்ட அண்ணன், இவர்களெல்லாம் கேட்காமல் இருப்பதற்கும் இதுதான் காரணமாக இருக்கும். கேட்டால் கடன்காரன் உறவாகிவிடும் என்ற பயம்.

நான் ஒன்றும் பேசாமல் நோட்டின் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். அதில் காதுகுத்துச் சீர் செலவையும் எழுதி வைத்திருந்தேன். கழித்துக்கொள்வதற்கு இல்லை, எல்லாம் நேர்மையாக இருக்கட்டும் என்று. அக்கா அதைப் பார்த்துவிட்டுப் பேனாவை வாங்கி அந்தப் பக்கத்தைக் குறுக்கே அடித்தாள்.

“சீரை நோட்டுல எழுதாதே. நகையை எழுது.”

நண்பர்களே, பி.இ. படித்தவன் எட்டு வருஷத்தில் கற்றுக்கொள்ளாததைப் பத்தாவது படித்தவள் ஒரு வரியில் சொல்லிவிட்டாள். முறைக்குச் செய்வது வேறு, வாங்கியது வேறு. முறைக்குச் செய்வதற்குக் கணக்குப் பார்த்தால் உறவு கெடும். வாங்கியதற்குக் கணக்குப் பார்க்காவிட்டாலும் உறவு கெடும், ஆனால் சத்தமில்லாமல் கெடும். நான் இருபத்தொரு தட்டில் சீர் கொண்டுபோய் முப்பது பவுனை மறைத்தேன். இரண்டையும் கலந்ததுதான் என் தப்பு.

இப்போது எங்கள் பட்டறை கூட்டாண்மை நிறுவனம். அப்பா, சித்தப்பா, நான், அக்கா என்று நாலு பேர் கையெழுத்து. இந்த முறை பத்திரத்தை வாய்விட்டு ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டினேன். “இத்தனை நாளா யாரும் இப்படிப் படிச்சுக் காட்டுனதில்ல” என்றாள். மூன்று மாசத்துக்கு ஒரு தடவை நோட்டு அன்னூர் போகும். அவள் ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துப் படிக்கிறாள். போன தடவை கூலண்ட் செலவு ஏன் ஏறியிருக்கிறது என்று கேட்டாள். கேட்கிறாளே என்று எனக்கு அவ்வளவு நிம்மதி! குழாயில் ஒழுக்கு இருந்தது. அதற்கு முன் யாரும் கவனிக்கவில்லை.

கணக்கு நேரானால் வரமாட்டேன் என்றவள் இப்போது முன்னைவிட அதிகமாக வருகிறாள். மீட்ட நகையில் ஒரு ஆரத்தைப் போட்டுக்கொண்டு போன தைப்பொங்கலுக்கு வந்தாள். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஆரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

கதை இங்கே முடிந்தால் நான் நல்லவன் ஆகிவிடுவேன். அப்படி முடியவில்லை. 2014இல் அவள் கையெழுத்துப் போட்ட அந்த விடுதலைப் பத்திரம் இன்னும் அப்படியே இருக்கிறது. இடத்தில் அவள் பங்கை அவளுக்கே எழுதிவைக்க வேண்டும் என்று பேச்சை எடுத்தேன். அப்பா, “பொண்ணுக்குச் செய்ய வேண்டியதெல்லாம் செஞ்சாச்சு” என்கிறார். சித்தப்பா அப்பா முகத்தைப் பார்க்கிறார். மற்றப் பங்குதாரர்கள் சம்மதித்தால் என் பங்கிலிருந்தாவது எழுதிக் கொடுக்கலாம். குடும்பத்துக்குள் செட்டில்மென்ட் எழுத முத்திரைத் தீர்வைக்கு உச்சவரம்பும் உண்டு. 2023 ஜூலையில் அதை உயர்த்திய பிறகும் நாற்பதாயிரம்தான் என்றார்கள். எங்கள் பட்டறை அதைத் தாங்கும். ஆக, பணம் தடை இல்லை, சட்டமும் தடை இல்லை. அப்பாவிடம் இன்னொரு தடவை எதிரே உட்கார்ந்து பேச எனக்குத் தைரியம் போதவில்லை. அதுதான் தடை.

அதனால்தான் இதை இத்தனை பேர் முன்னால் சொன்னேன். மலரிலும் அச்சிடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். அச்சில் வந்துவிட்டால் பிறகு நான் தப்ப முடியாது. அடுத்த சந்திப்பில் உங்களில் யாராவது ஒருவர், “பத்திரம் என்னப்பா ஆச்சு?” என்று என்னைக் கேட்க வேண்டும். நான் பதில் சொல்ல முடியாமல் நின்றால் மேடையேற்றாதீர்கள்.

இங்கே கம்பெனி நடத்துகிறவர்கள் இருக்கிறீர்கள், வெளிநாட்டிலிருந்து இதற்காகவே வந்தவர்கள் இருக்கிறீர்கள். நாம் எல்லோரும் யாருடைய தோளிலோ ஏறித்தான் வந்திருக்கிறோம். குடும்பத்தை நம்புங்கள், நம்பலாம், அதைவிட உறுதியான ஈடு எந்தப் பேங்கிலும் கிடைக்காது. ஆனால் நம்மை நம்பிக் கொடுத்தவர்கள் கேட்கமாட்டார்கள் என்பது நமக்குக் கிடைத்த சலுகை இல்லை. அது நம் மேல் ஏறிய பாரம். இன்று ராத்திரி வீட்டுக்குப் போனதும் ஒரு நோட்டை எடுங்கள். உங்களிடம் இதுவரை கேட்காத ஒருவர் பெயரை முதல் வரியில் எழுதுங்கள். மறுபடியும் சொல்கிறேன், சீரை எழுத வேண்டாம். நகையை எழுதுங்கள்.

தலைப்புக்கு வருகிறேன். நான் சொந்தக் காலில்தான் நிற்கிறேன். சொந்தங்களின் காலில்.